காட்டுக்குள்ள டெண்ட் அடிச்சு தங்கலாமா? சட்டம் என்ன சொல்லுது, எங்கே அனுமதி உண்டு? முழு விவரம்

தொடர் விடுமுறை வந்தாலே செல்போனில் அதே ரீல்ஸ்தான். பனி மூடிய மலை, மரத்தடியில் ஆரஞ்சு நிற டெண்ட், பக்கத்தில் எரியும் கேம்ப்ஃபயர், கீழே 'புக்கிங்கிற்கு டிஎம் பண்ணுங்க' என்று ஒரு வரி. இடம் எது என்று கேட்டால் முதுமலைக்குப் பக்கம், டாப்சிலிப் பக்கம், கொழுக்குமலை என்று பதில் வரும். பணம் கட்டிவிட்டுக் கிளம்புகிறவர்களில் பலருக்கு, தாங்கள் தங்கப்போவது பட்டா நிலமா, காப்புக்காடா, புலிகள் காப்பகமா என்பதே தெரியாது. ஆனால் போவது சுற்றுலாவா குற்றமா என்பதைத் தீர்மானிப்பதே அந்த வித்தியாசம்தான்.

சுருக்கமான பதில்: தமிழ்நாட்டில் வனத்துறையின் காட்டுக்குள் நீங்களாகப் போய் டெண்ட் அடிக்க முடியாது. காட்டுக்குள் இரவு தங்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அது வனத்துறையின் ஓய்வு இல்லங்கள் வழியாக மட்டும்.

வெளிநாட்டு வீடியோவில் எல்லாரும் தங்குறாங்களே?

இந்தக் கேள்வி அடிக்கடி வருவதுதான். அமெரிக்காவில் மாநிலப் பூங்காக்கள் என்றே ஒரு அமைப்பு உண்டு. கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவை எடுத்துக்கொண்டால், வானுயர்ந்த செம்மரங்களுக்கு நடுவே எண் போட்ட கேம்ப் இடங்கள், ஒவ்வொரு இடத்திலும் தீ மூட்டத் தனி வளையம், கரடி திறக்க முடியாத உணவுப் பெட்டி எல்லாம் இருக்கும். முன்பதிவு செய்து, அந்த எண்ணுள்ள இடத்தில் மட்டும்தான் கூடாரம் போடலாம். அதாவது அங்கேயும் நினைத்த இடத்தில் டெண்ட் அடிப்பதில்லை. இன்னொரு முக்கிய விஷயம், அங்கே கரடிக்கு பயந்து சாப்பாட்டைப் பூட்டி வைத்தால் பெரும்பாலும் போதும். நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் யானை உண்டு. யானைக்குப் பெட்டி எல்லாம் கணக்கே இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம். அதன் 21வது பிரிவு, காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதையும் தீ மூட்டுவதையும் குற்றமாக்குகிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தானே என்று நினைக்க வேண்டாம், இன்றைக்கும் வனத்துறை வழக்குப் போடுவது இதில்தான்.

இரண்டாவது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்பதை 27வது பிரிவு வரையறுக்கிறது. சுற்றுலா, புகைப்படம், ஆராய்ச்சி போன்றவற்றுக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பதை 28வது பிரிவு சொல்கிறது. தீ வைப்பதைத் தடுப்பது 30வது பிரிவு, ஆயுதத்தோடு நுழைவதைத் தடுப்பது 31வது பிரிவு. இந்தச் சட்டத்தின் பொதுவான தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 25 ஆயிரம் ரூபாய் வரை என்று இருந்த அந்த அபராதத்தை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 1 லட்சம் ரூபாய் வரை உயர்த்திவிட்டது.

புலிகள் காப்பகம் என்றால் கட்டுப்பாடு இன்னும் இறுகும். 2012 ஜூலையில், காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அக்டோபரில் தேசிய புலிகள் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறைகளை அறிவித்த பிறகுதான் தடை விலகியது. மையப் பகுதியில் அதிகபட்சம் 20 சதவீத இடத்தில்தான் சுற்றுலா, அங்கே புதிதாகத் தங்கும் கட்டடம் எதுவும் கட்டக் கூடாது என்பவை அந்த நெறிமுறைகள். ஏற்கெனவே இருந்த பழைய வன ஓய்வு இல்லங்கள் மட்டும் இன்றும் சுற்றுலாப் பயணிகளுக்குத் தரப்படுவதன் பின்னணி இதுதான்.

குரங்கணிக்குப் பிறகு மாறியது என்ன?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போயிருந்த குழுக்கள் இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கின. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பலர் இளம் வயதினர், சென்னையிலிருந்தும் மேற்கு மாவட்டங்களிலிருந்தும் வார இறுதிக்காக வந்தவர்கள்.

மார்ச் மாதம் அந்தச் சரிவுகளில் இடுப்பளவு, ஆளுயரப் புல் காய்ந்து கிடக்கும். சமவெளியில் எரியும் தீயைவிடச் சரிவில் மேல்நோக்கி ஏறும் தீ வேகமானது. கீழே எரியும்போதே அதன் சூடு மேலே உள்ள புல்லை உலர்த்திப் பற்றத் தயாராக்கிவிடும். மனிதனுக்கோ மேட்டில் ஓட்டம் குறையும். அதனால்தான் தீ கீழே தெரிந்தால் மேல்நோக்கி ஓடாதீர்கள், பள்ள ஓடைக்குள் பதுங்காதீர்கள், புல் இல்லாத பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்துக்கோ பக்கவாட்டில் நகருங்கள் என்று தீயணைப்புத் துறையினர் சொல்கிறார்கள். வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருந்தால் இந்த முடிவை நொடியில் எடுப்பார்.

அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் 2018இல் தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. அனுமதித்த பாதை, அனுமதித்த காலம், வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது என்பதெல்லாம் எழுத்தில் ஏறியது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், எளிது, மிதம், கடினம் என்று தரம் பிரித்து, ஆன்லைனில் முன்பதிவு. பழங்குடியினரும் உள்ளூர் இளைஞர்களுமே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக வருகிறார்கள். அந்தப் பட்டியலில் குரங்கணி - சாம்பலாறு பாதையும் உண்டு. தீக்காலத்தில் இந்தப் பாதைகள் மூடப்படும்.

கவனிக்க, இவை பெரும்பாலும் காலையில் தொடங்கி அன்றைக்கே முடியும் நடைகள். 'ட்ரெக்கிங் அனுமதி இருக்கு, அப்படியே ராத்திரி டெண்ட் போட்டுக்கலாம்' என்று யாராவது சொன்னால் அது இரண்டு வெவ்வேறு விஷயங்களைக் கலப்பது. நடப்பதற்கான அனுமதி, தங்குவதற்கான அனுமதி ஆகாது.

டெண்ட்னா என்ன ஆபத்து? கேம்ப்ஃபயர் இருந்தா யானை வராதுல்ல?

வளர்ந்த யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ வரை தீவனம் எடுக்கும், நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். இதற்காக ஒரு நாளின் 16 மணி நேரத்துக்கும் மேல் மேய்ந்துகொண்டே நகரும். அப்படியானால் இரவிலும் அது நடந்துகொண்டுதான் இருக்கும். பார்வை மங்கல், ஆனால் மோப்பம் அபாரம். உப்பு, வாழைப்பழம், அரிசி, பலாப்பழம் எல்லாம் வெகு தூரத்திலிருந்தே அதற்குத் தெரிந்துவிடும்.

இப்போது டெண்ட் அடிக்க ஆசைப்படுகிறவர் எப்படிப்பட்ட இடத்தைத் தேடுவார் என்று பாருங்கள். சமமான தரை வேண்டும். மரநிழல் வேண்டும். பக்கத்தில் ஓடை இருந்தால் இன்னும் நல்லது. ஏறி வர ஒரு ஒற்றையடிப் பாதையும் இருக்க வேண்டும். மலைச்சரிவில் இந்த நான்கும் சேர்ந்த இடம் அபூர்வம். இருக்கிற கொஞ்ச இடங்களும் யானையும் காட்டெருமையும் தலைமுறை தலைமுறையாக நடக்கும் வழித்தடங்கள். அந்த ஒற்றையடிப் பாதையைப் போட்டதே பல இடங்களில் யானைதான்.

டெண்டுக்குள் இருப்பவருக்கு வெளியே என்ன நிற்கிறது என்று தெரியாது. ஜிப்பைத் திறந்துதான் பார்க்க வேண்டும். இருட்டில் ஓட வழியும் தெரியாது. துணிச் சுவர் எதையும் தடுக்காது. நெருப்பு யானையை விரட்டும் என்பதும் நிச்சயமில்லாத நம்பிக்கை. மனித நடமாட்டத்துக்குப் பழகிய யானைகள் விளக்கையும் தீயையும் பொருட்படுத்தாமல் ஊருக்குள்ளேயே வருவதைக் கூடலூர், வால்பாறை மக்களைக் கேட்டால் சொல்வார்கள். அணையாமல் விட்ட கேம்ப்ஃபயர் அடுத்த காட்டுத்தீக்கு வழி செய்வது மட்டும் நிச்சயம்.

2021 ஜனவரியில் கேரளாவின் வயநாடு மேப்பாடி பகுதியில், கூடாரங்கள் போட்டிருந்த தனியார் தங்குமிடத்தில் 26 வயதுப் பெண் ஒருவர் காட்டு யானை தாக்கி இறந்தார். அது காப்பகத்தின் உட்பகுதி அல்ல, காட்டை ஒட்டிய தனியார் இடம்தான். யானைக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது.

அதே மாதம் மசினகுடியில் நடந்தது தலைகீழ். தங்குமிடத்துப் பக்கம் வந்த யானை மீது எரியும் பொருளை வீசி விரட்டிய காணொளி நாட்டையே உலுக்கியது. தீக்காயத்தால் அவதிப்பட்ட அந்த யானை, சிகிச்சைக்காக முகாமுக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே இறந்துபோனது. அதற்கு 3 மாதம் முன்பு, 2020 அக்டோபர் 14இல்தான் சீகூர் யானை வழித்தடத்தை உறுதிசெய்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தப் பகுதி ரிசார்ட்டுகள் மீதான வழக்கு ஒரு பத்தாண்டுக்கு மேல் நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், 'சார், இது நம்ம சொந்த இடம், எந்தப் பிரச்சினையும் இல்ல' என்ற வாக்குறுதியை எவ்வளவு நம்பலாம் என்று புரியும்.

அப்போ எங்கதான் தங்குறது?

முதல் பெயர் முதுமலை. 1940இல் அறிவிக்கப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் வனவிலங்குச் சரணாலயம். 2007இல் புலிகள் காப்பகம் ஆனது. மையப் பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் கர்நாடகத்தின் பந்திப்பூர், இன்னொரு பக்கம் கேரளத்தின் வயநாடு. 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் வென்ற பிறகு, பொம்மன் - பெள்ளி தம்பதியின் தெப்பக்காடு யானைகள் முகாமைப் பார்க்க வருபவர்கள் கூட்டம் அதிகம். தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம், மசினகுடி பகுதிகளில் வனத்துறையின் ஓய்வு இல்லங்களும் டார்மிட்டரிகளும் இருக்கின்றன. காப்பகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். சனி, ஞாயிறுக்கு வெகு சீக்கிரம் நிரம்பிவிடும், வார நாளில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஹோட்டல் வசதியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அறை, கட்டில், கழிப்பறை, சொல்லி வைத்தால் சாப்பாடு. அதற்குப் பதிலாகக் கிடைப்பது காலை ஆறு மணிக்கு வராந்தாவில் நிற்கும்போது முற்றத்தில் மேயும் புள்ளிமான்கள். பொழுது சாய்ந்த பிறகு வளாகத்தை விட்டு வெளியே நடக்க அனுமதி இல்லை. சஃபாரி வனத்துறை வாகனத்தில் மட்டும். மசினகுடி சாலையோரம் நின்று 'நைட் சஃபாரி' கூப்பிடும் தனியார் ஜீப்பில் ஏறினால், மாட்டும்போது ஓட்டுநரோடு பயணியும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்று, போக்குவரத்து. தெப்பக்காட்டிலிருந்து பந்திப்பூர் வழியாக மைசூரு செல்லும் நெடுஞ்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வாகனங்களுக்கு மூடப்படும். பெங்களூரிலிருந்து வருபவர்கள் இந்தக் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு செக்போஸ்ட்டில் காரிலேயே தூங்குவது வழக்கமாகிவிட்டது. நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. கிளம்பும் முன் பாஸ் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் மாவட்டத்தில் தடை, ஸ்டீல் பாட்டில் கொண்டுபோவது நல்லது.

இரண்டாவது டாப்சிலிப். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை செக்போஸ்ட் வழியாக மேலே ஏற வேண்டும். ஆனைமலை புலிகள் காப்பகத்தில் இருக்கிறது. வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரித்து விட்ட இடம் என்பதால் அந்தப் பெயர். காலியாகிப்போன அந்த மலையில் மறுபடி தேக்கு வளர்த்த வெள்ளைக்கார வன அதிகாரி ஹியூகோ வுட் 1933இல் இறந்தார். அவர் சமாதி இன்றும் அந்த மரங்களுக்கு நடுவேதான் இருக்கிறது. இங்கேயும் வனத்துறையின் ஓய்வு இல்லங்கள் உண்டு, கோழிகமுத்தி யானை முகாமும் பக்கம். முன்பதிவு இல்லாமல் மாலையில் செக்போஸ்ட்டுக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சரி, டெண்டில் தங்கியே ஆக வேண்டும் என்றால்? டாப்சிலிப்பைத் தாண்டிச் சாலை தொடர்ந்தால் கேரளாவின் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் வரும். வேடிக்கை என்னவென்றால், கேரளத்தின் அந்தக் காட்டுக்குச் சாலை வழியாகப் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் வந்துதான் போக வேண்டும். அங்கே ஆனப்பாடியில் கேரள வனத்துறையே கூடாரத் தங்குமிடங்கள் நடத்துகிறது. பிரித்து மடிக்கும் டெண்ட் அல்ல இவை. நிலையான அடித்தளத்தின் மேல், கட்டில், இணைந்த கழிப்பறையோடு இருக்கும் பெரிய கூடாரங்கள். பழங்குடி வழிகாட்டியோடு சஃபாரி, நடை எல்லாம் சேர்த்து பேக்கேஜாகத் தருகிறார்கள். காட்டின் நடுவே சட்டப்படி கூடார இரவு என்றால் நமக்கு மிக அருகில் இருப்பது இதுதான்.

கொழுக்குமலை டெண்ட் எல்லாம் சட்டவிரோதமா?

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. தேயிலைத் தோட்டம், பட்டா நிலம் போன்ற தனியார் இடங்களில் போடும் கூடாரத்துக்கு வனச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. ஆனால் வேறு அனுமதிகள் வேண்டும். உள்ளாட்சி அமைப்பின் உரிமம், மலைப்பகுதி என்றால் கட்டடங்களுக்கு மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதல். முகாம் நடத்துவோரும் சாகசச் சுற்றுலா நடத்துவோரும் பதிவு செய்துகொள்ள தமிழ்நாடு சுற்றுலாத் துறையில் தனி முறை இருக்கிறது.

பணம் அனுப்பும் முன் நடத்துபவரிடம் சுற்றுலாத் துறைப் பதிவு எண்ணைக் கேளுங்கள். இடத்தின் சர்வே எண்ணோ, கூகுள் மேப் குறியோ அனுப்பச் சொல்லுங்கள். 'லொகேஷன் அங்க வந்ததும் சொல்றோம்' என்றால் சந்தேகப்பட வேண்டிய முதல் அறிகுறி அதுதான். கூடாரத்திலிருந்து கழிப்பறை எவ்வளவு தூரம், சுற்றி அகழியோ சூரிய மின்வேலியோ உண்டா, இரவில் காவலுக்கு ஆள் உண்டா என்பதையும் கேட்கலாம். கூச்சப்படத் தேவையே இல்லை. முறையாக நடத்துபவர்கள் இதற்குப் பதில் வைத்திருப்பார்கள். காட்டுக்குள் நடக்கவும் கூட்டிப்போவோம் என்று சொன்னால், அதற்கு வனத்துறை அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உங்கள் பெயர் இல்லையென்றால், மாட்டும்போது அத்துமீறி நுழைந்தவராகவே கணக்கு.

எப்போ போறது, என்ன எடுத்துட்டுப் போறது?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மேற்குத்தொடர்ச்சி மலையில் தீக்காலம். முதுமலையில் உண்ணிச்செடி புதர் காய்ந்து கிடக்கும். வறட்சி அதிகமான ஆண்டுகளில் சஃபாரியையே நிறுத்திவிடுவார்கள், அதனால் கிளம்பும் முன் போன் செய்து கேட்டுவிடுவது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, வால்பாறை, டாப்சிலிப் பக்கம் அட்டைக்கடி நிச்சயம். மழை விட்டு, பச்சை வாடாமல் இருக்கும் டிசம்பர், ஜனவரி வசதியான காலம். ஆனால் இரவுக் குளிரை லேசாக நினைக்க வேண்டாம்.

மது, ட்ரோன், ஸ்பீக்கர் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பளபளக்கும் நிறங்களைத் தவிர்த்து, முழுக்கை, முழுக்கால் உடை. செயற்கை வாசனைத் திரவியம் வேண்டாம். டார்ச் கட்டாயம். பல இடங்களில் சிக்னல் இருக்காது, எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அட்டை கடித்தால் ரத்தம் வரும், அரிக்கும், அவ்வளவுதான். கண்ணுக்கே தெரியாத சிறு பூச்சிதான் கவலைக்குரியது. புதர்களில் இருக்கும் ஒருவகை நுண்ணிய பூச்சியின் லார்வா கடித்தால் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் வரும். ஊர் திரும்பி ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல், தலைவலி, உடல்வலி ஆரம்பிக்கும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கருப்பாக ஒரு பொருக்கு இருக்கலாம், அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற இடங்களில் இருந்தால் நாமே கவனிக்க மாட்டோம். சாதாரண வைரல் காய்ச்சல் என்று நினைத்து விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற எளிய மருந்துகளிலேயே குணமாகிவிடும். எனவே காட்டிலிருந்து திரும்பிய மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்தக் காட்டுக்கு, எந்தத் தேதியில் போனீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.